நன்றி கெட்டவர்களில் ஒருத்தி எழுதுவது

அதிபர் அவர்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்க நிர்வாகக் குழுவினருக்கும்,

போன வியாழக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் இரண்டு விடயம் சொன்னீர்கள். சாதாரண தரச் சோதனை இருக்கிறது, விளையாட்டும் ஆபத்தானது, அதனால் பத்தாம், பதினோராம் தரப் பெண்பிள்ளைகளுக்கு இனிமேல் ஹொக்கிப் பயிற்சி கிடையாது, கீழ் வகுப்புப் பிள்ளைகளின் விடயத்தை அடுத்த தவணையில் பார்ப்போம் என்பது ஒன்று. அது என்ன நியாயம் என்று நாங்கள் நாலைந்து பேர் எழும்பிக் கேட்டபோது மேடையில் இருந்து வந்தது மற்றது: "இவ்வளவு காலம் இலவசமாக விளையாட விட்டோமே, அதற்கு நன்றி சொல்லாமல் கேள்வி கேட்க வந்திருக்கிறீர்கள்." எனக்குப் பின்னால் யாரோ "நன்றி கெட்ட சனம்" என்று முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நாளைக்குச் சந்தையில் முகம் கொடுத்துக் கதைக்க முடியாமல் போயிருக்கும்.

மறுநாள் காலை விளையாட்டு உபகரண அறைக்குப் புதுப் பூட்டு. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூட ஒருவரும் இல்லை. பின்னேரம் மூன்றரைக்குப் போய், பூட்டைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி வந்தார்கள்.

ஆகவே இந்த மடலைத் திறந்தே எழுதுகிறேன். பாடசாலையின் பெயரைப் போடவில்லை. அது என் பிள்ளை படிக்கும் பாடசாலை, நானும் படித்த பாடசாலை. யாருக்கு எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

நன்றிப் பேச்சைத் தொடங்கியவர்கள் நீங்கள். அதனால் அதிலேயே தொடங்குகிறேன். என்னிடம் நன்றி நிறையவே இருக்கிறது. யார் யாருக்கு என்ற கணக்கும் இருக்கிறது.

2022 இல் மகள் ஏழாம் தரம். ஒருநாள் வந்து, "அம்மா, என்னை ஹொக்கிக்கு எடுத்திருக்கிறாங்க" என்றாள். நான் முதல் சொன்ன சொல் "வேண்டாம்". அந்த வருடத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். காஸ் இல்லை, கரண்ட் இல்லை, பெற்றோல் ஷெட்டில் விடிய விடிய வரிசை. நான் பாமசியில் வேலை செய்கிறேன்; மருந்துச் சிட்டையோடு வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்புவதே அப்போது என் வேலையாக இருந்தது. பாணுக்குக் கணக்குப் பார்க்கிற வீட்டில் ஸ்ரிக்குக்கும் ஷின்பாட்டுக்கும் எங்கே போவது? "நெற்போல் விளையாடு, அதுக்குச் சப்பாத்து மட்டும் போதும்" என்று சொல்லிப் பார்த்தேன். அவள் தென்னை மட்டையின் அடிப்பக்கத்தை வளைவாக வெட்டி எடுத்து, முற்றத்தில் தேசிக்காயை உருட்டிக்கொண்டு திரிந்தாள். அன்றைக்குத் தேசிக்காய் விற்ற விலைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் அட்டை வந்தபோது ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் பெற்றோல். எங்கள் ஒழுங்கையில் ஆட்டோ ஓட்டுகிற அண்ணனின் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த 5 லீற்றரில்தான். அதில் சனிக்கிழமைப் பயிற்சிக்கென்று கொஞ்சத்தை மிச்சம் பிடித்து, நாலு பிள்ளைகளை உவர்மலையில் இருந்து ஏற்றி இறக்கினார். காசு கொடுத்தால் பாதியைத் திருப்பித் தருவார். "பிள்ளையள் கோல் அடிச்சா மிச்சத்தை வாங்குறன்" என்பார். மகள் முதல் கோல் அடித்தது அடுத்த வருடம். அன்றைக்கு வாங்கினாரா என்றால் அதுவும் இல்லை.

முதல் ஸ்ரிக்கைச் சீட்டுக் காசில் வாங்கினேன். ஒன்பது மாதத்தில் வளைவுக்குக் கொஞ்சம் மேலே வெடித்துவிட்டது. வேறு வாங்க வழியில்லை. பாமசிக்கு வருகிற ஒருவர் திருக்கடலூர்க் கரையில் ஃபைபர் போட் திருத்துகிறவர். அவரிடம் கொண்டுபோனோம். அவர் ஹொக்கி என்ற விளையாட்டைக் கண்ணால் கண்டதில்லை. ஸ்ரிக்கை விரலால் தட்டிக் காதுக்குக் கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு, "இது எங்கட போட் மாதிரித்தானே, தங்கச்சி" என்றார். வெடிப்பைச் சுரண்டி, ஃபைபர் துணியை நாடா போலச் சுற்றி, ரெசின் பூசி, வெயிலில் காயவிட்டு, அடுத்த நாள் பிசிர் இல்லாமல் கடதாசி போட்டுத் தேய்த்தார். பந்து அடிக்கிற தட்டையான பக்கத்தைத் தொடவேண்டாம் என்று மகள் பக்கத்திலேயே குந்தியிருந்து காவல் காத்தாள். ஸ்ரிக் 737 கிராமுக்கு மேல் போனால் சட்டப்படி விளையாட முடியாது என்று கோச் சொல்லியிருந்தார். கரையிலேயே மீன் நிறுக்கிற தராசில் வைத்தோம். 590. "இன்னும் நாலு சூடை வைக்கலாம்" என்று தராசுக்காரர் சிரித்தார். அந்த ஸ்ரிக்கில் மகள் இரண்டு வருடம் விளையாடினாள். வேலைக்குக் கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, "பிள்ளை விளையாடுற அண்டைக்குச் சொல்லுங்க, வந்து பாக்கிறன்" என்றார். வந்தும் பார்த்தார். நிர்வாகக் குழுவில் இருந்து அந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை.

கோச்சை உங்களுக்குத் தெரியும். அவரும் இந்தப் பாடசாலையின் பழைய மாணவர். காலையில் வேலைக்குப் போய்விட்டு, பின்னேரம் சைக்கிளில் வருகிறார். கரியரில் ஒரு கயிற்றுச் சுருள் இருக்கும். அதில் இரண்டு முடிச்சு. ஒரு முடிச்சைக் கோல் கம்பத்தின் அடியில் பிடித்துக்கொண்டு மற்ற முடிச்சோடு சுற்றி நடந்து சுண்ணாம்புத் தூளைத் தூவினால் கோல் வட்டம் விழும். சட்டப்புத்தகத்தில் அது 14.63 மீற்றர். அவருக்கு இன்னும் பழைய அளவில் "பதினாறு யார்" தான். மாரியில் மழை அழித்த கோட்டை மழை விட்ட மறுநாளே திரும்பப் போடுவார். திருகோணமலைக் கோட்டைப் பக்கத்தில் இருந்து ஊருக்குள் வருகிற மான்கள் மைதானத்தில் படுத்துவிட்டுப் போனால் புழுக்கையைப் பொறுக்குவதும் அவர்தான், பிள்ளைகளோடு சேர்ந்து. நாலு வருடத்தில் அவருக்குப் பாடசாலை ஒரு நியமனக் கடிதம்கூடக் கொடுக்கவில்லை. மாகாணப் போட்டிக்குப் போகும்போது பஸ்ஸில் அவர் யார் என்று பதிய ஒரு கட்டம் இல்லாமல், "பெற்றோர்" என்று எழுதி ஏற்றினார்கள். அவருக்குப் பிள்ளை இல்லை.

இன்னொருவர் இருக்கிறார். அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மாகாணப் போட்டி ஒன்றில், ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மகள் வெளிறிப்போய் ஓடி வந்தாள். வாய்க்குள் வைக்கிற பற்காப்பை வீட்டில் விட்டுவிட்டாளாம். கடை தேட நேரமில்லை. நாங்கள் பையைக் கொட்டித் தேடுவதை எதிர் அணியின் தாய் ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார். சிங்களப் பெண். எனக்குச் சிங்களம் கடைக்குப் போதுமான அளவு, அவருக்குத் தமிழில் "தங்கச்சி" மட்டும். தன் மகளுக்கென்று மேலதிகமாக வாங்கி வைத்திருந்த புதுப் பக்கற்றை உடைத்தார். தேத்தண்ணிக்கென்று கொண்டுவந்த சுடுதண்ணியை மூடியில் ஊற்றி, பற்காப்பை அதில் போட்டு இளக வைத்து, "தங்கச்சி, தங்கச்சி" என்று மகளின் வாயைத் திறக்கச் சொல்லி, தானே பல்லில் பொருத்தி, கடிக்கச் சொல்லித் தாடையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பச்சைத் தண்ணியில் ஒரு தரம் முக்கி எடுத்துக் கையில் கொடுத்தார். அவருடைய மகள்தான் அன்றைக்கு எங்களுக்கு இரண்டு கோல் அடித்தாள். 3–0 என்று தோற்றோம். பஸ்ஸில் வரும்போது எனக்குத் தோல்வி நினைவிலேயே இல்லை. அந்தத் தேத்தண்ணி அவருக்கு இல்லாமல் போய்விட்டதே என்பதுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

என் மகளுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது, அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கம். நான் மைதான ஓரத்தில் நின்று கத்துகிற தாயாக இருந்தேன். "ஓடு, அடி, ஏன் விட்டாய்" என்று தொண்டை கட்டும்வரைக்கும். ஒருநாள் ஆட்டோவில் வரும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க கத்தினா எனக்குக் கோச் சொல்றது கேக்குதில்ல அம்மா." இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பதினைந்து வயதில் விட்டுப்போன விளையாட்டை அவளுடைய காலால் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு தண்ணிப் போத்தலோடு கோலுக்குப் பின்னால் போய் நிற்கத் தொடங்கினேன், வாயை மூடிக்கொண்டு.

வாயை மூடியதும் கண் திறந்தது. அங்கே நின்றுதான் எங்கள் கோல் கீப்பர் பிள்ளையின் கால்காப்பைப் பார்த்தேன். பட்டி இரண்டும் அறுந்து, மீன் வலை பின்னுகிற நைலோன் கயிற்றால் கட்டியிருந்தது. பந்து வந்து பட்டால் காப்பு முழங்காலைச் சுற்றித் திரும்பிவிடும். அவள் ஆட்டத்துக்கு நடுவில் குனிந்து அதைத் திருப்பி விட்டுக்கொள்வாள். ஹொக்கிப் பந்து 156 கிராமுக்குக் குறையாது, உள்ளே கெட்டி. கூட்டத்தில் "ஆபத்தான விளையாட்டு" என்று சொன்னீர்களே, இரண்டு மாதத்துக்கு முன் அவளுக்கு நடந்ததை வைத்துத்தான் சொன்னீர்கள். நான் கோலுக்குப் பின்னால் நின்று அதைக் கண்ணால் பார்த்தவள். பந்து நேராக வந்தது, காப்புத் திரும்பி இருந்தது, முழங்காலின் உட்பக்கத்தில் பட்டது. பிள்ளை இரண்டு கிழமை நொண்டினாள். அவளுக்குப் பண்டேஜ் சுற்றியது நான்.

அந்தக் கால்காப்பை மாற்றித் தரச் சொல்லிப் பெற்றோர் ஒப்பமிட்டு இரண்டு கடிதம் கொடுத்திருக்கிறோம், 2024 இல் ஒன்று, 2025 இல் ஒன்று. இரண்டின் பிரதியும் என் அலுமாரியில் இருக்கிறது, அலுவலக முத்திரையோடு. இரண்டுக்கும் பதில் வரவில்லை. காப்பு வாங்காமல் விட்டு, பிள்ளைக்கு அடிபட்ட பிறகு, அடிபட்டதைக் காரணம் காட்டி விளையாட்டை நிறுத்துவதற்கு என்ன பெயர் வைப்பது என்று நான் சொல்லவில்லை.

மைதானமும் அப்படித்தான். வைகாசி பிறந்தால் கச்சான் காற்று மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும், மிஞ்சுவது பரல் கல். தரையோடு வருகிற பந்து கல்லில் தட்டினால் எங்கே எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. போன வருடம் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப்போனபோது ரீட் அவெனியூவில் செயற்கைப் புல்தரையைப் பார்த்துவிட்டு மகள் சொன்னது, "அம்மா, பந்து துள்ளவே இல்லை." அவர்கள் அதை ஒரு அதிசயம்போலச் சொல்லிச் சொல்லி வந்தார்கள். செயற்கைத் தரை கேட்க நாங்கள் ஹொக்கிக்குப் பேர்போன மாத்தளைக்காரர் இல்லை. இரண்டு டிராக்டர் கிரவல் மண்ணும் ஒரு உருளையும் போதும்.

பந்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கு நல்ல ஹொக்கிப் பந்து ஆறு இருந்தது, இப்போது இரண்டு. மிச்சத்துக்கு ஆண்பிள்ளைகளின் கிரிக்கெட் அணி எறிந்த பழைய பந்துகளைப் பொறுக்கி எடுத்து விளையாடுகிறார்கள். இரண்டு பந்தும் கிட்டத்தட்ட ஒரே நிறை, அதனால் கைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கிரிக்கெட் பந்தில் தையல் இருக்கிறது. தையல் தரையில் பட்டால் பந்து பாதை மாறும். எங்கள் பிள்ளைகள் பந்தை நிறுத்துகிற விதத்தைப் பார்த்து வேறு ஊர்க் கோச்மார் பாராட்டினார்கள். எங்கே பழகினார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை, மானம் போகும்.

கிரிக்கெட் என்றதும் நீங்கள் சொன்ன முதல் காரணத்துக்கு வருகிறேன். சாதாரண தரச் சோதனை. பதினோராம் தரப் பிள்ளையின் தாய் நான், சோதனையை விளையாட்டாக எடுக்கிறவள் இல்லை. ஆனால் பத்தாம், பதினோராம் தர ஆண்பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்டை நிறுத்தவில்லையே? அவர்களும் அதே மண்டபத்தில், அதே வினாத்தாளைத்தானே எழுதப் போகிறார்கள்? அவர்களையும் நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. ஒரு கண்ணுக்கு வெண்ணெய் மற்றக் கண்ணுக்குச் சுண்ணாம்பு ஏன் என்றுதான் கேட்கிறேன். போன முறை அணியில் இருந்து சோதனை எழுதிய ஐந்து பிள்ளைகளும் உயர்தரம் படிக்கிறார்கள், அதில் இருவர் உங்கள் பாடசாலையிலேயே. கூப்பிட்டுக் கேளுங்கள். விளையாட்டில் தேசிய மட்டத்தில் திறமை காட்டும் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு இருப்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

கூட்டம் முடிந்து வெளியில் வரும்போது ஒரு ரீச்சர் அன்பாகத்தான் சொன்னார்: "வெயிலில் நின்று பிள்ளை கறுத்துப் போறா, பாருங்க." இதற்குப் பதில் எழுத நான் பேனையை எடுக்கவில்லை.

நானும் இந்த மைதானத்தில் நெற்போல் விளையாடியவள். 1996 இல் பத்தாம் தரத்தோடு நிறுத்தினார்கள். அன்றைக்கு அதற்கு ஒரு காரணம் இருந்தது. சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் பொழுதுபடுவதற்குள் வீடு வந்து சேரவேண்டிய காலம், பெட்டைப் பிள்ளை ஐந்து மணி தாண்டினால் தாய் படலையில் நிற்பாள். என் அம்மாவில் எனக்குக் கோபமில்லை. இன்றைக்கு என் மகளை அதே வகுப்பில், அதே மைதானத்தில், யுத்தமில்லாத காலத்தில் நிறுத்துகிறீர்கள். அவளுக்கு நான் என்ன காரணம் சொல்வது?

"இலவசமாக" என்ற சொல்லும் எனக்குள் கிடந்து அரிக்கிறது. இந்த நாட்டில் இலவசக் கல்வி 1945 இல் வந்தது. அது யாரும் யாருக்கும் கையால் அள்ளிக் கொடுத்ததல்ல. அதற்கு மேல் நாங்கள் ஒவ்வொரு வருடமும் வசதிக் கட்டணமும் அபிவிருத்திச் சங்கப் பணமும் கட்டுகிறோம். இருந்தாலும் பாடசாலைக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும், அதை மறைக்கவில்லை. 2022 இல், ஊரே ஒடுங்கிக் கிடந்தபோது, அன்றைக்கு இருந்த உடற்கல்வி ஆசிரியை அந்த மைதானத்தின் கேற்றைத் திறந்து விட்டார். வீட்டில் இருந்தால் பசியும் இருட்டும்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அவர் திறந்ததைத்தான் நீங்கள் இப்போது பூட்டியிருக்கிறீர்கள்.

இவர்கள் எல்லோரும் கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டு, நீங்கள் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனால்தான் நான் நன்றி கெட்டவள். அதனால் கேட்கிறேன்.

முடிவைத் திருப்பி எடுங்கள். எடுக்க முடியாதென்றால், என்ன காரணத்துக்காக, எந்தத் திகதிக் கூட்டத்தில், யார் யார் இருந்து எடுத்தது என்பதை எழுத்தில் தாருங்கள். அதற்கு முதல் பிள்ளைகளை ஒருமுறை கூப்பிட்டு இருத்திக் கதையுங்கள், அவர்களைப் பற்றிய முடிவில் அவர்களிடம் இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.

பதினோராம் தரப் பிள்ளைகளுக்குக் கிழமையில் இரண்டு பின்னேரம், மூன்றரையில் இருந்து ஐந்து வரை, விடுங்கள். சோதனைக்கு மூன்று மாதம் இருக்கும்போது நாங்களே நிறுத்துகிறோம், அதை இப்போதே எழுதித் தரத் தயார். பத்தாம் தரத்துக்கு ஒரு தடையும் வேண்டாம்.

கோல் கீப்பருக்குக் கால்காப்பும் தலைக்கவசமும் இந்தத் தவணைக்குள் வாங்க வேண்டும். பாதிக் காசைப் பெற்றோர் சேர்த்துத் தருகிறோம். மற்றப் பாதி எங்கள் கட்டணத்தில் இருந்து வரட்டும். விளையாட்டுக்கென்று வாங்கிய பணத்தில் ஹொக்கிக்கு எவ்வளவு போனது என்ற கணக்கை அடுத்த கூட்டத்தில் வாசியுங்கள். காப்பு வரும்வரை கோலுக்கு அடிக்கிற பயிற்சி வேண்டாம் என்று கோச்சிடம் நானே சொல்லியிருக்கிறேன், அவரும் சரி என்றார்.

மாரி தொடங்க முதல் மைதானத்துக்கு மண் போடுங்கள். மண்ணை நீங்கள் இறக்கினால் பரவிச் சமப்படுத்த நாங்கள் சிரமதானத்துக்கு வருகிறோம். ஆட்டோ அண்ணனும் போட் திருத்துகிற அண்ணனும் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள்.

கோச்சுக்கு ஒரு நியமனக் கடிதம். சம்பளம் போட முடியாவிட்டாலும் போக்குவரத்துச் செலவையாவது போட்டு, அடுத்த பஸ் பட்டியலில் "பயிற்றுநர்" என்று எழுதுங்கள்.

இந்த மாத முடிவுக்குள் பதில் வராவிட்டால், இதே மடலோடு இரண்டு பழைய கடிதங்களையும் சேர்த்து வலயக் கல்விப் பணிமனைக்குக் கொண்டுபோவோம். அதைச் செய்ய எங்களுக்கு விருப்பமில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்குப் பிள்ளைகள் வழமைபோல மைதானத்துக்கு வருவார்கள். உபகரண அறையின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று அதற்கு முதல் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

பதினோராம் தர மாணவி ஒருத்தியின் தாய்,
உவர்மலை, திருகோணமலை